பதினான்கு மாதத்தில் பழுதான புதுப் பாணிக் குளியலறை: வலங்கைமான் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடு காவிரி டெல்டாவில், வலங்கைமான் பக்கம். 1980-களில் கட்டிய தளவீடு, மேலே மாடி கிடையாது. வெளிச்சுவர்கள் 9 அங்குலம், உள்தடுப்புகள் 4½ அங்குலம். குளியலறை கொல்லைப்பக்கம், நீளம் 8 அடி, அகலம் 5 அடி. ஒரு நீளச் சுவருக்கு அந்தப்பக்கம் சாமான் அறை, மற்றது வெளிச்சுவர். புழங்குகிறவர்கள் எழுபதை நெருங்கும் கணவனும் மனைவியும். வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்த ஒரு கார்த்திகையில், 12 நாளில் அறையைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

போட்டவை எல்லாமே இன்றைய பாணி: சுவருக்கும் தரைக்கும் 2×4 அடி அடர்சாம்பல் மேட் டைல்ஸ், சுவரில் தொங்கும் க்ளாசெட், சுவருக்குள் மறைந்த பிளஷ் தொட்டி, கறுப்பு மேட் டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு), 10 அங்குல மழை ஷவர், குளிக்கும் இடத்தை மறிக்கும் கண்ணாடித் தடுப்பு, சுவரோரமாக நீளவாக்கு வடிகால், ஷாம்பு வைக்கச் சுவர்மாடம், ஜிப்சம் சீலிங், எல்.இ.டி. கண்ணாடி.

பதினான்காம் மாதம் புகார்ப் பட்டியல் இப்படி இருந்தது. ஷவரில் தண்ணீர் நூலாக வடிகிறது. கறுப்புக் குழாய் வெளுத்துப்போயிற்று. க்ளாசெட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறது. காலையில் கதவைத் திறந்தால் நாற்றம். சுவர் டைல்ஸ் இரண்டு உப்பி நிற்கின்றன. க்ளாசெட் முன்பக்கம் இறங்கியிருக்கிறது. சாமான் அறைச் சுவரில் உப்பு பூத்துப் பூச்சு பொரிகிறது. அந்த அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்த ஒரு நாள் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார்.

பொருட்களில் பெரிய குற்றம் இல்லை. டைல்ஸ் நல்ல விட்ரிஃபைடு ரகம், குழாய்கள் பித்தளை உடம்பு. தண்ணீரின் அழுத்தம், தண்ணீரின் தன்மை, தரையின் வாட்டம், வெளியேறும் பாதை என்ற நான்கையும் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்கியதுதான் கோளாறு.

ஷவர்: கணக்கு முன்பே சொல்லியிருக்கும்

கூரைத்தளம் தரையிலிருந்து 10½ அடி. அதன் மேல் 3 அடி மேடை, மேடையில் தொட்டி. தொட்டி நிறைந்தால் 3 அடித் தண்ணீர் நிற்கும். ஷவர் வாய் 7 அடி உயரத்தில். ஆகவே தொட்டி நிறைந்திருக்கும்போது ஷவருக்கு மேலே இருக்கும் நீர்மட்டம் 9½ அடி. அடியில் கிடக்கும்போது 6½ அடி. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. அப்படியென்றால் இங்கே கிடைப்பது 0.2 முதல் 0.28 பார். அகலமான மழை ஷவர் ஒழுங்காகக் கொட்ட 1 பாராவது வேண்டும். சுவருக்குள் இருக்கும் டைவர்ட்டரும் தன் பங்குக்கு அழுத்தத்தைத் தின்னும்.

மேடையை உயர்த்தலாமா என்று கேட்டார்கள். 1 பாருக்கு 33 அடி நீர்மட்டம் வேண்டும். கோபுரம் கட்டினால்தான் உண்டு. அரைக் குதிரைசக்தி பிரஷர் பம்பு வைக்கலாம். ஆனால் வீட்டின் பாதிக் குழாய் இன்னும் பழைய இரும்புக் குழாய். துருப்பிடித்த திருகுகளில் திடீரென்று அழுத்தம் ஏற்றினால் எங்கே பிட்டுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பம்பு வைப்பதானால் குளியலறைக்குத் தனி சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் இறக்கி, அதில் மட்டும் வைக்க வேண்டும். கூடவே நீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வோடு, பம்பைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் பாதை கட்டாயம்; இல்லாவிட்டால் கரண்டு போன நேரத்தில் சோப்போடு நிற்க வேண்டியதுதான்.

கடைசியில் பம்பு வைக்கவில்லை. இருவரும் வாளியும் சொம்பும் வைத்துக் குளிக்கிறவர்கள். ஷவர் மகனுக்காகப் போட்டது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 1 அங்குலக் குழாயாக இறக்கி, அறைக்குள் முக்கால் அங்குலமாக ஓடவிட்டு, வாளிக் குழாய்க்கு முழு ஓட்டம் கொடுக்கப்பட்டது. ஷவருக்குக் குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் 4 அங்குலத் தலையும் ஒரு கை ஷவரும். மறைவு டைவர்ட்டரை எடுத்துவிட்டுச் சுவருக்கு வெளியே நிற்கும் சாதாரண மிக்ஸர் குழாய். பின்னால் யாராவது பம்பு வைத்தால் சுவரை உடைக்காமல் இருக்க, மொட்டைமாடியில் இரண்டு இணைப்பு முனைகள் மூடி போட்டு விடப்பட்டன.

தண்ணீரில் உள்ளது குழாயில் தெரியும்

வீட்டுக்கு வருவது போர் தண்ணீர். பரிசோதனைத் தாளில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 200-ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 600-ஐ எல்லையாகவும் வைத்திருக்கிறது. இந்தத் தண்ணீர் ஒரு துளி காய்ந்தால் ஒரு வெள்ளைப் புள்ளி. கறுப்பு மேட் மேற்பரப்பில் அது திருநீறு பூசியதுபோல் தெரியும். குரோமில் பாதி தெரியும். பிரஷ் செய்த ஸ்டீல் நிறத்தில் அவ்வளவாகக் கண்ணுக்குப் படாது. கறுப்பே வேண்டுமென்றால் பெயிண்ட் பூச்சுக்குப் பதில் பி.வி.டி. பூச்சாக (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைப்பது) கேட்டு வாங்கலாம். எளிதில் கீறல் படாது, ஆனால் உப்புப் புள்ளி அதிலும் விழும்.

இந்த வீட்டில் கறையைவிடக் கெடுதல் செய்தது, கறைக்குச் செய்த வைத்தியம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் துணியில் தொட்டுக் குழாயைத் துடைத்திருக்கிறார்கள். பூச்சு திட்டுத்திட்டாகப் போயிற்று. கீழே வழிந்த ஆசிட் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டையும் அரித்தது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் 10 நிமிடம் சுற்றி வைத்து, கழுவித் துடைத்தால் போதும். குழாய் வாயின் சல்லடையையும் ஷவர் தலையையும் மாதம் ஒருமுறை கழற்றி அதே நீரில் ஊறவைக்க வேண்டும். பளிங்கு, சுண்ணாம்புக்கல் பதித்த இடத்தில் இதையும் ஊற்றக் கூடாது.

கடலோரமாக நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் கதை வேறு. அங்கே தண்ணீரிலும் காற்றிலும் உப்பு. கைப்பிடி, கீல், திருகு எல்லாம் 304 ரக ஸ்டீலாக இருந்தாலும் புள்ளிப்புள்ளியாகத் துரு குத்தும். 316 ரகம் தாங்கும். வலங்கைமானுக்கு 304 போதுமானது.

கண்ணாடித் தடுப்பு எடுக்கப்பட்டது. குளித்து முடித்ததும் வைப்பர் போட்டு இழுக்காத வீட்டில், இந்தத் தண்ணீருக்குக் கண்ணாடி மூன்றே மாதத்தில் பனிமூட்டமாகிவிடும். வாளி, முக்காலி, துணைக்கு நிற்கும் ஓர் ஆள் இத்தனைக்கும் இடம் வேண்டிய அறையில் அது வழிமறித்தும் நின்றது. இப்போது அங்கே ஒரு திரைச்சீலை தொங்குகிறது. படம் எடுத்துப் போட அழகாக இராது.

உலர்பகுதி என்று நம் வீட்டில் ஒன்று கிடையாது

இந்த வேலையின் பெரும்பிழை தரையில். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். தரை ஏறக்குறைய 1 அங்குலம் உயர்ந்து, நடைவழிக்கும் குளியலறைக்கும் இருந்த இறக்கமே காணாமல் போயிற்று. மிச்சம் இருந்த உயரத்தில், குளிக்கும் 3 அடிக்கு மட்டும் வாட்டம் கொடுத்து, க்ளாசெட் பக்கத்தை மட்டமாக விட்டுவிட்டார்கள், அது ‘உலர்பகுதி’யாம். துடைப்பமும் வாளியும் எடுத்து முழு அறையையும் கழுவி விடுவது நம் வழக்கம். க்ளாசெட் பக்கத்தில், கழுவிக்கொள்ளும் கைக்குழாயான ஹெல்த் பாஸெட் இருக்கிறது. அங்கே தண்ணீர் விழாமல் எங்கே விழும்?

சரி செய்தபோது இரண்டு அடுக்கு டைல்ஸும் உடைக்கப்பட்டன. கதவருகே தரை, நடைவழியைவிட அரை அங்குலம் கீழே. அங்கிருந்து கோடி வரை 80-க்கு 1 வாட்டம். 8 அடிக்கு ஏறத்தாழ 1¼ அங்குலம். ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், கலவை போட்டதும் ஒரு கோலிக்குண்டை நான்கு மூலையிலும் விட்டுப் பார்ப்பது கொத்தனார்களின் பழைய சோதனை. அது எங்கே நிற்கிறதோ அங்கே தண்ணீரும் நிற்கும்.

2×4 அடி டைல்ஸைத் தரையில் போட்டால் ஒரே திசையில் மட்டும்தான் வாட்டம் கொடுக்க முடியும். இரண்டு திசைக்கு மடக்க வேண்டுமென்றால் மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். அதனால் பெரிய டைல்ஸ் சுவரோடு நின்றது. தரைக்கு 1×1 அடி, ஆர்-11 தர வழுக்காத ரகம். இடுக்கு அதிகம் இருப்பது இங்கே நல்லது; ஈரக்காலுக்குப் பிடிமானம் அதில்தான். வெறும் ‘மேட்’ என்பதை வழுக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எண்ணெய் வைத்துக் குளிக்கும் வீட்டில், மேட் டைல்ஸின் மேல் எண்ணெய்ப் படலம் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்ப்பது டைல்ஸ் ரகத்தைவிட முக்கியம்.

நீளவாக்கு வடிகாலும் போயிற்று. சீயக்காய்ச் சக்கையும் முடியும் சேர்ந்து அதன் குறுகிய வாயில் பசைபோல் அடைத்திருந்தது. போதாக்குறைக்கு உள்ளே நீர்ப்பூட்டு, அதாவது நாற்றத்தை மறிக்கத் தேங்கி நிற்கும் தண்ணீர், இல்லை; ரப்பர் மூடி ஒன்றுதான். அதில் ஒரு முடி மாட்டினால் மூடாது, நாற்றம் ஏறும், கரப்பான்பூச்சியும் வரும். அந்த இடத்தில் 50 மில்லிமீட்டர் நீர்ப்பூட்டுள்ள 4 அங்குல நஹானி ட்ராப் (தரை வடிகால் கிண்ணம்), கையால் தூக்கிக் கழுவக்கூடிய சல்லடை மூடியோடு வைக்கப்பட்டது. ஒரு மாதம் ஊருக்குப் போனால் கோடையில் நீர்ப்பூட்டு காய்ந்துவிடும். கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரும் அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டால் எண்ணெய்ப் படலம் நீரைக் காக்கும்.

சுவருக்குள் நடந்தது

நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் சுவர் டைல்ஸில் பாதிக்கு மேல் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி. ஒரு 2×4 டைல்ஸ் ஏறத்தாழ 15 கிலோ. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சிமெண்டுப் பால் பிடித்துக்கொள்ள அதில் துளையே இல்லை. அதன் முதுகில் ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்தியிருந்தார்கள். நடுவில் எல்லாம் வெற்றிடம். அந்த இடங்களில்தான் தண்ணீர் குடியிருந்தது.

ஒட்டும் பசைக்கென்று ஐ.எஸ். 15477 என்ற தரமுத்திரை உண்டு. மூட்டையில் அதையும், பெரிய விட்ரிஃபைடுக்கு ஏற்ற வகையா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பழைய வெள்ளையடிப்பையும் பெயிண்டையும் சுரண்டி எடுத்த பிறகே பூச்சு. பல்கரண்டியால் சுவரில் ஒரே திசையில் வரி இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுத்து ஒட்ட வேண்டும். முதல் டைல்ஸை ஒட்டியதும் உடனே பிய்த்துப் பார்க்கலாம். முதுகு முழுக்கப் பசை இருந்தால் சரி. பங்குனி, சித்திரை வெயிலில் சுவரில் இழுத்த பசை சீக்கிரம் ஆடை கட்டும். விரலால் தொட்டால் ஒட்டவில்லை என்றால் வழித்தெடுத்து எறிந்துவிட வேண்டும், தண்ணீர் தெளித்து ஏமாற்றக் கூடாது.

சாமான் அறைச் சுவர் பொரிந்ததற்குச் சுவர்மாடம்தான் மூலம். 4½ அங்குலச் சுவரில் 3½ அங்குல ஆழம் குடைந்திருக்கிறார்கள். மிச்சம் ஓர் அங்குலச் செங்கல். மாடத்தின் அடிப்பலகை மட்டமாக இருந்ததால் தண்ணீர் அங்கேயே தேங்கி, மூலை இடுக்கு வழியாக மறுபக்கம் போயிருக்கிறது. நீர்த்தடுப்புப் பூச்சு தரைக்கு மட்டும். சுவரில் ஒரு சாண்கூட ஏறவில்லை.

புது வேலையில் மாடம் அடைக்கப்பட்டது. தரைக்கும் சுவருக்கும் சேரும் மூலைகள் எல்லாம் கலவையால் சரிவாக மழுக்கி, அதன் மேல் கண்ணாடியிழை வலை வைத்து, இரண்டு கூட்டுப்பொருள் பாலிமர்–சிமெண்டுப் பூச்சு இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்கு என்றால் இரண்டாவது வடக்கு தெற்கு; நடுவே பொதியில் சொன்ன இடைவெளி. தரை முழுக்க, எல்லாச் சுவரிலும் 1 அடி, குளிக்கும் மூன்று சுவரிலும் 7 அடி. கூட்டினால் ஏறக்குறைய 130 சதுர அடி. 20 கிலோ பொதி ஒன்று ஓடியது. காய்ந்ததும் ட்ராப்பின் வாயை அடைத்து, கதவருகே கலவைவரம்பு கட்டி, 2 அங்குலத் தண்ணீரை 72 மணி நேரம் நிறுத்தினார்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். சாமான் அறையில் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்காமல் டைல்ஸ்காரரை உள்ளே விடக்கூடாது.

இடுக்குக்கு 3 மில்லிமீட்டர், எபாக்ஸி கிரௌட், நடுச்சாம்பல் நிறம். எண்ணெயையும் மஞ்சளையும் சிமெண்டு கிரௌட் குடித்துவிடும், எபாக்ஸி குடிக்காது. ஆனால் மேட் டைல்ஸின் மேல் படிந்த எபாக்ஸியை இறுகுமுன் துடைக்காவிட்டால், பிறகு எந்தத் தேய்ப்புக்கும் போகாத படலமாகிவிடும். வெயில் காலத்தில் பொதியைப் பாதி பாதியாகக் கலக்குவது அதற்குத்தான்.

அறைக்குப் பிடித்தது: சுவருக்கு 2×4 டைல்ஸ் 27, தரைக்கு 1×1 டைல்ஸ் 45, 20 கிலோ பசை 6 மூட்டை.

தொங்கும் க்ளாசெட்டைக் காப்பாற்றியது

தொங்கும் க்ளாசெட்டையும் பிடுங்கிவிடலாம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அதை வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தரையில் நிற்கும் க்ளாசெட்டின் உயரம் வந்ததுதான். தொங்குவதை வேண்டிய உயரத்தில் மாட்டலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு 16 அங்குலத்தைவிட 18 அங்குலம் எத்தனையோ மேல். அடியிலும் முழுசாகக் கழுவலாம்.

முன்பு சரிந்ததற்குக் காரணம், இரும்புச் சட்டத்தின் கால்களைப் பழைய டைல்ஸின் மேலேயே போல்ட் அடித்து நிறுத்தியிருந்தது. அதன் கீழே உதிரிக் கலவையும் மண் நிரப்பும். ஆள் உட்காரும்போது முழு எடையும் அந்தக் கால்களின் வழியாகத்தான் இறங்குகிறது. இப்போது கால்களுக்கு அடியில் 6 அங்குலக் கான்கிரீட் மெத்தை போட்டு அதில் நங்கூரம் அடித்து, சட்டத்தைச் சுற்றி 4 அடி உயரத்துக்குச் செங்கல் திண்டு கட்டப்பட்டது. தொலைந்த சுவர்மாடத்துக்குப் பதில் அந்தத் திண்டின் தலைதான் சோப்பும் ஷாம்பும் வைக்கும் இடம். முன்பக்கம் சற்றுச் சரிவாக. கைப்பிடி போட வேண்டிய இடத்தில் முழுச்செங்கல் வைக்கப்பட்டது. உப்புத் தண்ணீரில் மறைவுத் தொட்டியின் உள்வால்வுச் சல்லடை அடைக்கும். பொத்தான் தகட்டைக் கழற்றினால் கை உள்ளே போகும். வாங்கும்போதே அதன் ரப்பர் சீல் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. இரண்டு வருடம் கழித்து அதே மாடல் கடையில் இருக்குமா என்பது சந்தேகம்.

மின்வேலை சுருக்கமாக: ஈரத்தில் தொய்ந்த ஜிப்சம் சீலிங்குக்குப் பதில் பி.வி.சி. பலகை, 2 கிலோவாட் கீஸருக்கு 4 சதுர மில்லிமீட்டர் தனி ஒயர், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., சுவிட்சு அறைக்கு வெளியே, 6 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றப்பட்டது. உள்ளே யாராவது விழுந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை உடைக்கத்தான் வேண்டும்.

கொல்லையில் முடியும் கதை

டெல்டாவின் களிமண் கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். சுவரைவிட்டு வெளியேறும் கழிவுக்குழாய் அந்த இழுப்பில் முதல் இணைப்பிலேயே விட்டுக்கொள்வது வாடிக்கை, இங்கேயும் அதுதான். சுவரில் 4 அங்குலக் குழாயைக் கலவையால் இறுக்கிக் கட்டாமல், 6 அங்குல உறைக்குழாய்க்குள் விட்டு, இடைவெளியை நெகிழும் சீலண்டால் அடைத்தார்கள். வெளியே குழாயைச் சுற்றி 4 அங்குலம் மணல்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும். அதன்மேல் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகையில் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு ஈரத்தரையில் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. இம்முறை வேலை மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. உடைப்பு 2 நாள், குழாய் 3, பூச்சும் நனைப்பும் 9, நீர்த்தடுப்பும் தண்ணீர்க் கட்டுச் சோதனையும் 6, டைல்ஸும் கிரௌட்டும் 7. செப்டிக் டேங்க்கின் வெளிச்சுவரில் பூசாமல் விட்ட செங்கல் இடுக்குகள் வழியாக மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே புகுந்திருந்தது. பிளஷ் செய்தால் ‘குளுக்’ என்று திரும்பியதற்கு அதுவே காரணம். நீர் இறங்கிய மாசியில்தான் அதைத் தோண்டிப் பூச முடியும். குளித்த தண்ணீரை அதில் விடாமல் தனிக்குழாயில், பழையபடி வாழைப்பாத்திக்கே திருப்பினார்கள். டேங்க்கின் சுமை பாதியாகக் குறைந்தது.

அடுத்த மழைக்காலம் கடந்தபின் தரை காய்கிறது, நாற்றம் இல்லை. சாமான் அறைச் சுவரில் மட்டும் உப்பு இன்னும் பூக்கிறது. செங்கலுக்குள் ஏறிய உப்பு, ஈரம் நின்றாலும் காயக் காய வெளியே வந்துதான் தீரும். மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷால் தட்டி, தண்ணீர் தொடாமல் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறது. சித்திரை வரை அதில் சுவர்ப் புட்டியோ பெயிண்டோ பூசக்கூடாது. பூக்கும் உப்பு நின்றதும் சுண்ணாம்புப் பூச்சு.